நான்கடி இரண்டங்குலம்

காலை ஆறு பத்து.
அளவுகோலில் நான்கடி இரண்டங்குலம்.
படம் பிடித்து அலுவலகக் குழுவில் போட்டாயிற்று.
அத்தோடு என் சர்க்கார் வேலை சரி.

மிச்சத்தைக் கேட்கிறவர் ஒருவர்தான்.
உதவிப் பொறியாளர் போஜராஜ்,
அவலாஞ்சியிலிருந்து மாற்றலாகி வந்த மூன்று வாரத்தில்
இரண்டு முறை மூக்குத்தோல் உரிந்தவர்.
பைக்கை நிறுத்துமுன்னே கேட்பார்:
"பூச்செண்டு, மீன் நிலவரம் என்ன?"

சொல்றேன் சார்.
அணையை விட்டுப் பத்தொன்பது நாள் நடந்து
மதுரைச் சாக்கடை, மானாமதுரை மணல்,
பரமக்குடியில் யாரோ நூல் அலசிய சாயம்
எல்லாம் சுமந்து வந்த தண்ணி,
இந்தப் பெரிய கண்மாயில்தான் முதுகு சாய்க்குது.
கலங்கல் இன்னும் அடங்கலை.
முழங்கால் ஆழத்தில் நின்றால் கட்டைவிரல் தெரியாது.
தெரிகிற அன்னிக்குக் கெண்டை கரைக்கு வரும்.

வெள்ளிக்கிழமையோட வாடை நின்னுபோச்சு.
இப்போ கொண்டல்.
கிழக்கே கிடக்கிற கடலைத் தொட்டு
உதட்டில் தடவிட்டுப் போகுது.
அலை தள்ளுகிற பூச்சி புழுவெல்லாம்
மேற்குக் கரைக் கருவேலத் தூரில் ஒதுங்கும்.
கெளுத்தி அங்கேதான். ராத்திரி எட்டுக்கு மேலே.
கோழிக்குடல் போதும்.

அவர் வெப்பமானியை நூலில் கட்டி இறக்கினார்.
இருபத்தேழு.
"எங்க டிரவுட் இதில் வெந்தே போயிரும்."
பன்னிரண்டு டிகிரியில் சுறுசுறுப்பாகுமாம் அது.
உறைபனி விலகும் மாசியில்
கொசு கனத்துக்கு ஓர் இறகு விழுந்தாலும்
எம்பிக் கவ்வுமாம்.
வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து விட்ட மீன்.

ஜிலேபியும் யாரோ கொண்டுவந்து விட்டதுதான் சார்.
அது எந்த டிகிரியிலும் தூங்காது.

சிரித்தார். பெட்டியைத் திறந்தார்.
சேவல் கழுத்து முடி, மயில்பீலி, சரிகைத் துண்டு,
நகைக்கடைத் தட்டுப் போல வரிசையாக ஈக்கள்.
தூண்டிலை வீசினார்.
நூல் தலைக்கு மேல் ஒரு வளையம் போட்டு
முன்னே போய்ப் படுத்தது,
யாரையும் அடிக்காத சாட்டை.
நீர்க்காகம் ஒன்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு
முங்கிக்கொண்டது.
முக்கால் மணி நேரம். ஒன்றுமில்லை.

அப்போதுதான் மூன்றாம் மடைக்கு அருகே
தண்ணீர் மேல் ஒரு தாம்பாளம் அகலத்துக்குச்
செக்கச் செவேலென்று கொதித்தது.
அவர் கம்பைத் தூக்கினார்.

அங்கே வேணாம் சார்.
விரால் குஞ்சு.
தாயும் தகப்பனும் அடியிலே நிக்கும்.
எது விழுந்தாலும் பாயும்.
பசிக்கு இல்லை.

தூக்கிய கை அப்படியே நின்றது.
"இந்த மாசத்திலா?"
தண்ணி பிந்தி வந்துச்சு. குஞ்சும் பிந்திப்போச்சு.

ஈயைக் கழற்றிப் பெட்டியில் குத்தினார்.
கொஞ்ச நேரம் மடைக் கதவையே பார்த்தார்.
"திங்கட்கிழமை இதைத்தானே திறக்கணும்."
ஆமா சார்.
"இரண்டாவதைத் திறந்தால்?"
மடையேந்தல் வயலுக்கு ஏறாது.
கதிர் பால் பிடிக்கிற நேரம்.
ஒரு தண்ணிக்குத்தான் நிக்குது.

நான் வேறெதுவும் சொல்லவில்லை.
அவர் கையெழுத்து, அவர் சாவி.
என் வீட்டு அரிசியும் அந்த வயல்தான்.

திங்கள். காலை ஆறு பத்து.
மூன்றடி பதினொன்று.
படம் போட்டாயிற்று.
கதவை அவர் ஒரு சாண்தான் தூக்கச் சொல்லியிருந்தார்.
இரவெல்லாம் தண்ணீர் மெல்லப் போயிருக்கிறது.
மடையேந்தல்காரர்கள் விடியுமுன்னே வந்து
அவரையும் என்னையும் சேர்த்து வைதுவிட்டுப் போனார்கள்.

சிவந்த கொதிப்பு நாலு பாகம் தள்ளித் தெரிந்தது.
முந்தா நாளை விடச் சிறிதா என்றால்,
இருக்கலாம்.
அதை அளக்க இந்தக் கோலில் கோடு இல்லை.

பைக் சத்தம் கேட்டது.
அவர் கேட்குமுன் நானே சொன்னேன்:
கொண்டல் நிக்கலை சார்.
மேற்குக் கரையில் கடிக்குது.
இறகெல்லாம் வீட்டில் இருக்கட்டும்,
குடல் வாங்கிட்டு வாங்க.